டேனி முனையில் ஒரு நிமிஷம்!

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த காலை ஞாபகம் இருக்கா? ரிசல்ட் வந்த பத்தாவது செகண்டே வெப்சைட் படுத்துடும். அப்பா கம்ப்யூட்டரில், மாமா செல்போனில்னு மாறி மாறித் தட்டினாலும் வெள்ளைப் பக்கம்தான் வரும். ஊரே ஒரே வாசலில் போய் நின்னா இந்தக் கதிதான். அந்தக் கூட்டத்தை எப்படிப் பிரித்து அனுப்புறதுன்னு மண்டையை உடைச்சுக்கிட்ட இடத்துக்குத்தான் இப்போ போறோம். விசா வேண்டாம்... கூட வாங்க!

ஆற்றைத் தாண்டி...

அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். ரெட் லைன் ரயிலில் ஏறுங்க. பூமிக்குள்ளே ஓடும் ரயில், சார்லஸ் ஆற்றுப் பாலத்தில் வெளியே தலைகாட்டும். ஜன்னல் சீட்டை விட்டுடாதீங்க. பாலம் முடிஞ்சதும் மறுபடி உள்ளே புகுந்து கெண்டல் ஸ்டேஷனில் நிற்கும். நீங்க இப்போ நிற்பது கேம்பிரிட்ஜ் நகரம். மேலே வந்தால் மெயின் ஸ்ட்ரீட், சுற்றிலும் எம்.ஐ.டி.!

சில நிமிஷம் நடந்தா வாசார் ஸ்ட்ரீட் சந்திப்பு. அங்கே பூகம்பத்தில் சரிஞ்ச மாதிரி ஒரு கட்டடம் நிற்கும். பயப்படாதீங்க, கட்டினதே அப்படித்தான்! ஃபிராங்க் கெரி வடிவமைத்து 2004-ல் திறக்கப்பட்ட ஸ்டேட்டா சென்டர். வர்றவங்க எல்லாம் அதைத்தான் போட்டோ எடுப்பாங்க. நீங்க அந்தத் தெருமுனையின் பெயரைப் படிங்க. 'டேனி லூயின் ஸ்கொயர்.'

யார் இந்த டேனி?

1995-ம் வருஷம். வெப்பைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ் லீ, எம்.ஐ.டி.யில்தான் இருந்தார். கூட்டம் கூடக்கூட இன்டர்நெட் அடைச்சுக்கப் போகுது, வழி பாருங்கன்னு சக ஆராய்ச்சியாளர்களிடம் சவால் விட்டார். கணிதப் பேராசிரியர் டாம் லெய்ட்டன் அதைப் பிடிச்சுக்கிட்டார். அடுத்த வருஷம் வந்து சேர்ந்த மாணவர்தான் டேனி லூயின்.

1997-ல் இவங்க குழு ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டது. பெயர் 'கன்சிஸ்டன்ட் ஹாஷிங்'. ரொம்ப மிரள வேண்டாம், நம்ம கல்யாணப் பந்திதான்! எந்த இலைக்கு யார் பரிமாறணும்னு முன்னாடியே பிரிச்சாச்சு. நடுவில் ஒருத்தர் நழுவிட்டா? மொத்தப் பந்தியையும் மறுபடி பிரிக்க வேண்டியதில்லை. அவர் பார்த்த இலைகளை மட்டும் மத்தவங்க பார்த்துக்கலாம். இலைக்குப் பதிலா பக்கங்கள், பரிமாறுபவருக்குப் பதிலா சர்வர்கள். அவ்வளவுதான்.

1998-ல் எம்.ஐ.டி.யின் பிசினஸ் போட்டியில் கலந்துக்கிட்டாங்க. முதல் பரிசு கிடைக்கலை. ஆனா, அதே வருஷம் கம்பெனி பிறந்தது. பெயர் அகமாய். ஹவாய் மொழியில் 'புத்திசாலி'ன்னு அர்த்தம்.

கிட்டேன்னா எது கிட்டே?

பாஸ்டனுக்கும் சென்னைக்கும் 13,000 கிலோமீட்டருக்கு மேல். கண்ணாடி இழைக்குள் ஒளியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர். போய்த் திரும்ப குறைந்தது 130 மில்லி செகண்ட். கேபிள் வளைஞ்சு நெளிஞ்சு போறதால நிஜத்தில் இன்னும் அதிகம். கண் சிமிட்டும் நேரம்தானேன்னு தோணும். ஆனா, ஒரு பக்கம் திறக்கவே பல தடவை போய் வரணுமே! ஒளியை விரட்ட முடியாது, தூரத்தைத்தான் குறைக்கணும். அதனால் படம், வீடியோ, எழுத்துருன்னு எல்லாருக்கும் பொதுவானதை ஊருக்கு ஊர் பிரதி எடுத்து வைக்கிறாங்க. அமேசான் தன் பிரதிக் கூடங்களை 2013-ல் சென்னையிலும் மும்பையிலும் திறந்தது.

சரி, உங்களைச் சென்னைக்கு அனுப்புறது யார்? வெப்சைட் பெயருக்கு முகவரி சொல்றது டி.என்.எஸ். அங்கேதான் தந்திரம். கேட்கிறவர் எந்தப் பக்கம்னு பார்த்து, ஆளுக்கு ஒரு முகவரி சொல்லும். இன்னொரு வழி 'எனிகாஸ்ட்'. பல ஊர்களில் இருக்கிற சர்வர்கள் எல்லாம் ஒரே முகவரியைச் சொல்லும். உங்களை எந்த ஊருக்கு அனுப்பலாம்னு வழியில் உள்ள ரவுட்டர்கள் முடிவு செய்யும்.

இதில் மேப்பை நம்பாதீங்க. நீங்க கோவையில் இருக்கலாம். உங்க இன்டர்நெட் கம்பெனி மற்ற நெட்வொர்க்குகளோடு மும்பையில் கைகோத்திருந்தா, உங்களுக்கு 'பக்கத்து ஊர்' மும்பைதான்! உங்க பேங்க் பாலன்ஸ் மாதிரி உங்களுக்கு மட்டுமே ஆன விஷயமா? அதைக் கேட்க பெரும்பாலும் தலைமை சர்வர் வரை போய்த்தான் ஆகணும்.

அந்தச் செவ்வாய்க்கிழமை

2001, செப்டம்பர் 11. என்ன நடந்ததுன்னு தெரிஞ்சுக்க உலகமே நியூஸ் வெப்சைட்களில் குவிஞ்சது. பல தளங்கள் திணறின. அகமாயின் சர்வர்கள் அந்தக் கூட்டத்தைத் தாங்கிப் பிடிக்கப் பாடுபட்டன. காலையில் பாஸ்டனில் கிளம்பி, உலக வர்த்தக மையத்தில் முதலில் மோதிய விமானத்தில் டேனி லூயின் இருந்தார். வயது 31. பி.எச்டி. முடிக்கவில்லை.

அவர் சாவுச் செய்தியும் கலந்திருந்த அந்தக் கூட்டத்தை, அவர் உருவாக்கிய நெட்வொர்க்கே சுமந்தது. அவரோடு வேலை பார்த்தவர்கள் அன்னிக்கு அழுதுக்கிட்டேதான் அதை ஓட்டியிருக்கணும்.

சாய்ந்த கட்டடத்தின் முன்னால் செல்ஃபி எடுங்க, தப்பில்லை. எடுத்து முடிச்சதும் அந்தப் பெயர்ப் பலகைக்குக் கீழே ஒரு நிமிஷம் நில்லுங்க. போட்டோவை அப்லோட் பண்ணுங்க. உங்க ஃப்ரெண்ட் அதைத் தன் ஊர் பக்கத்திலேயே இருக்கிற ஒரு சர்வரிலிருந்து பார்ப்பான்!