தீர்ப்பு கடைசியில் வரட்டும்

கலைக் கல்வி குறித்த கள ஆய்வுக்காக ஹைதராபாத்தில் ஒன்பதாம் வகுப்பு ஓவிய வேளைகளில் அமர்ந்து வருகிறேன். சக மாணவரின் படத்தைப் பற்றிக் கருத்துக் கேட்டால் பெரும்பாலும் இரண்டே விடைகள்: ‘பாகுந்தி’, ‘பாகாலேது’. நன்று, நன்றாயில்லை. முன்னது நட்பைக் காக்கிறது. பின்னது சில பிள்ளைகளைத் தூரிகையிலிருந்தே விலக்கிவிடுகிறது. இரண்டாலும் படம் ஒரு கோடுகூட வளர்வதில்லை.

அமெரிக்கக் கலைக் கல்வியாளர் எட்மண்ட் ஃபெல்ட்மன் கலை விமர்சனத்தை நான்கு படிகளாக வகுத்தார்: விவரித்தல், பகுத்தாய்தல், பொருள் காணல், மதிப்பிடல். தீர்ப்புக்கு அவர் தந்த இடம் கடைசி.

அதை ஒட்டிய எளிய பயிற்சி இது. வரைந்தவர் பேசலாகாது. பார்ப்பவர் கண்ணுக்குத் தெரிவதை மட்டும் மூன்று வாக்கியங்களில் சொல்வார். ‘அழகு’ என்னும் சொல்லுக்குத் தடை. பின்பு ஒரே ஒரு கேள்வி. “விளக்கு இடப்பக்கம் இருக்கிறது, நிழலும் இடப்பக்கமே விழுகிறது” என்றாள் ஒரு மாணவி. வரைந்தவன் தானாகவே அழிப்பானை எடுத்தான்.

ரான் பெர்கர் பரவலாக்கிய ‘ஆஸ்டினின் வண்ணத்துப்பூச்சி’ உணர்த்துவதும் இதுவே. ஐடஹோவின் பாய்ஸி நகரில் முதல் வகுப்புச் சிறுவன் ஒருவன், தோழர்கள் முதலில் இறகின் வடிவத்தையும் பின்னர் அதன் கோலத்தையும் சுட்டிக்காட்ட, ஆறு முறை வரைந்தான்.

‘எனக்கு வரைய வராது’ என்று பதினான்கு வயதில் முடிவுகட்டும் பிள்ளைக்குப் பாராட்டைவிடப் பயன்படுவது, தன் படத்தை ஒருவர் நின்று பார்த்தார் என்னும் சான்று. ஆசிரிய நண்பர்களே, உங்கள் வகுப்பில் அது எவ்வாறு நிகழ்கிறது?