புலிக்குச் சுவர், நமக்கு ஏர்ஹாரன்

முன்குறிப்பு: பதிவில் கொஞ்சம் கணக்கு வரும். கணக்குன்னாலே அலர்ஜி என்பவர்கள் அந்தப் பத்தியை மட்டும் தாண்டிக் குதித்துக்கொள்ளலாம், தப்பா நினைக்க மாட்டேன் :-)

எங்க ஊர் தர்மபுரி மாவட்டத்தில், தொப்பூர் கணவாய்க்குக் கொஞ்சம் வடக்கே, ரோட்டுக்குக் கிழக்கால இருக்கு. பெங்களூர்ல இருந்து சேலம் போறவங்க எல்லாரும் எங்க வீட்டு வழியாத்தான் போயாகணும். முன்னாடி அது என்.எச். 7. 2010-ல் நம்பரை மாத்தினப்ப 44 ஆயிடுச்சு. எங்க அப்பா இன்னமும் ஏழாம் நம்பர் ரோடுன்னுதான் சொல்வார். கணவாய் ஏறி வர்ற லாரி மூச்சு வாங்கி கியர் மாத்துற இடம், இறங்கப் போற லாரி பிரேக்கைத் தொட்டுப் பார்க்கிற இடம், ரெண்டும் எங்க ஊர் பக்கம்தான். ராத்திரி பத்து மணிக்கு மேல லாரிகள் அதிகமாகுமே ஒழிய குறையாது.

போன வருஷம் அப்பாவுக்கு ரத்த அழுத்த மாத்திரை ஆரம்பிச்சாங்க. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி நல்லா தூங்கறீங்களா?" அப்பா சிரிச்சுட்டார். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் ஒரு வழிகாட்டி வெளியிட்டது. சாலைச் சத்தம் இரவில் சராசரியா 45 டெசிபலுக்கு மேல் போகக் கூடாதுன்னு அதில் பரிந்துரை. நம்ம நாட்டு 2000-ம் ஆண்டு ஒலி மாசு விதிகளும் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45-ன்னுதான் சொல்லுது. பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரியைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். அங்கே பகலில் 50, இரவில் 40. எங்க ஊர் பள்ளிக்கூடமும் ரோட்டைப் பார்த்துத்தான் இருக்கு. டீச்சர் ஒரு வாக்கியம் சொல்லி முடிக்கறதுக்குள்ள ரெண்டு ஏர்ஹாரன் கடந்து போகும். (மத்திய மோட்டார் வாகன விதி 119 அந்தப் பலகுரல் ஹாரனைத் தடை செய்யுது. ஹாரனுக்குப் படிக்கத் தெரியாது, என்ன செய்ய?)

நிற்க. இதே 44-ம் நம்பர் ரோடு வடக்கே மத்தியப் பிரதேசத்தில் சிவனி பக்கம் பெஞ்ச் புலிகள் காப்பகத்தை ஒட்டிப் போகுது. அங்கே விலங்குகள் கீழே கடக்கிறதுக்கு சுரங்கப்பாதைகள் போட்டு, மேலே ரோட்டோரமா 4 மீட்டர் உயரத்துக்கு இரும்புத் தடுப்பு வச்சிருக்காங்க. லாரிச் சத்தமும் ஹெட்லைட் வெளிச்சமும் காட்டுக்குள்ள போகக் கூடாதுன்னு. ரொம்ப நல்ல காரியம், எனக்குப் புலி மேல எந்தப் பொறாமையும் இல்லை. ஆனா அதே ரோடு, அதே லாரி, அதே டிரைவர். அங்கே புலி தூங்குது, இங்கே எங்கப்பா முழிச்சிருக்கார். புலிக்கு ஓட்டு இல்லாமலே இவ்வளவு சாதிச்சிருக்கு பாருங்க!

இதை நான் வீட்டில் சொன்னதும் அப்பாவுக்கு ஒரே பிடி. "நாமளே சுவரு வெச்சுட்டா என்னடா?" எட்டடி உயரத்துக்கு ஹாலோ பிளாக் காம்பவுண்ட் சுவர். அதே சமயத்தில் ஊரில் வேற ஒரு பேச்சும் ஓடிக்கிட்டிருந்தது. பள்ளிக்கூடத்துக்கு எதிரே ரோட்டோரமா ஒரு தடுப்புச் சுவர் கேட்டு எல்லாரும் கையெழுத்துப் போட்டு மனு கொடுக்கலாம்னு. அதோட ஒட்டிக்கிட்டு வந்த யோசனை: சுவர்தான் வரப் போகுதே, ரோட்டோரம் வரிசையா நிக்கிற வேப்பமரங்களை எடுத்துட்டா இடம் கிடைக்கும், மரத்துக்கும் விலை கிடைக்கும். ஆக, என் முன்னாடி ரெண்டு கேள்வி. அப்பாவோட சேமிப்பு சுவருக்குப் போகலாமா? மரம் போகலாமா?

நமக்குப் பொழுதுபோக்கே ஓப்பன்ஃபோம் (2004-ல் இருந்து இலவசமாக் கிடைக்கிற, காற்றோட்டத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுப் பார்க்கிற மென்பொருள்). விடுவேனா?

முதல்ல காகிதக் கணக்கு. சத்தத்துக்குச் சுவர் ஒரு நிழல் போடும். வெயிலோட நிழல் மாதிரி கத்தரிச்ச நிழல் இல்லை. ஒலி அலை நீளமானது, சுவர் தலைமேல வளைஞ்சு இறங்கிடும். தாழ்ந்த உறுமலுக்கு அலைநீளம் ஜாஸ்தி, அதனால நல்லா வளையும். 1968-ல் ஜப்பானின் மேகாவா இதை ஒரு வரைபடமாப் போட்டுக் கொடுத்தார். சூத்திரம் சுலபம். சத்தம் சுவர் உச்சி வழியா வர்ற தூரத்தில் இருந்து நேர்க்கோட்டு தூரத்தைக் கழிங்க. அதை இரண்டால் பெருக்கி அலைநீளத்தால் வகுங்க. கிடைக்கிற எண்ணை 20-ஆல் பெருக்கி 3-ஐக் கூட்டி, மடக்கை எடுத்து 10-ஆல் பெருக்கினா எத்தனை டெசிபல் குறையும்னு வந்துடும்.

எங்க வீட்டுக்குப் போடுவோம். லாரி எஞ்சின் தரையில் இருந்து 1 மீட்டர். அங்கிருந்து 50 மீட்டரில் காம்பவுண்ட். அதுக்கு 5 மீட்டர் உள்ளே ஜன்னல், கட்டிலில் உட்கார்ந்தா காது 1.5 மீட்டர் உயரம். சுவர் எட்டடி, அதாவது 2.4 மீட்டர். சுற்றி வர்ற கூடுதல் தூரம் வெறும் 10 சென்டிமீட்டர்தான்! அதுக்கே 500 ஹெர்ட்ஸ் சத்தம் 9 டெசிபல் குறையும், 125 ஹெர்ட்ஸ் உறுமல் 6 குறையும். 10 டெசிபல் குறைஞ்சா காதுக்குப் பாதியாத் தெரியும்னு சொல்வாங்க. ரோட்டில் வண்டி எண்ணிக்கையையே பாதியாக்கினாலும் 3 டெசிபல்தான் குறையும்ங்கறதை நினைச்சா இது பெரிய விஷயம். ஆனா மாடி ரூமுக்கு? அங்கே காது 4.5 மீட்டர் உயரத்தில். ரோடு சுவருக்கு மேல நேராத் தெரியும். பலன் பூஜ்யம். எங்கப்பா படுக்கறது மாடி ரூம்ல.

அதே சுவரை ரோட்டோரமா, லாரிக்கு 5 மீட்டர் தள்ளி, பெஞ்ச் மாதிரி 4 மீட்டர் உயரத்துக்கு வச்சா? கீழே 500 ஹெர்ட்ஸில் 17 டெசிபல், மாடியிலும் 16-க்கு மேல. உறுமலிலேயே 12. நடைமுறையில் இவ்வளவு கிடைக்காது, 10 கிடைச்சாலே நல்ல சுவர், 15 எல்லாம் அபூர்வம். ஆனாலும் ரோட்டோரச் சுவர் பள்ளிக்கூடத்தையும் சேர்த்து முழு ஊருக்கும் நிழல் கொடுக்கும். காம்பவுண்ட் சுவர் ஒரு வீட்டுத் தரைத்தளத்துக்கு மட்டும்.

இந்தக் கணக்கில் இல்லாத ஒரு ஆசாமி காற்று. அம்மியே பறக்கும் ஆடிக் காற்று எங்க ஊருக்குத் தென்மேற்கில் இருந்து வரும். அதாவது ரோட்டைத் தாண்டி வீட்டுக்கு. இங்கேதான் கம்ப்யூட்டருக்கு வேலை.

"அப்ப லாரிச் சத்தத்தையே கம்ப்யூட்டரில் ஓட விடேன்"னு நண்பர் ஒருத்தர் கேட்டார். முடியும், ஆனா கட்டாது. ஏன்னு கேளுங்க. 74 டெசிபல் சத்தம்ங்கறது 0.1 பாஸ்கல் அழுத்தம். நம்மைச் சுற்றி இருக்கிற காற்றின் அழுத்தம் 1 லட்சம் பாஸ்கல். பத்து லட்சத்தில் ஒரு பங்கைத் துல்லியமாப் பிடிக்கணும். கணக்கில் வர்ற சின்னச் சின்னப் பிசிறே அதைவிடப் பெரிசா இருக்கும். அடுத்தது கட்டங்கள். 1000 ஹெர்ட்ஸ் சத்தத்துக்கு அலைநீளம் 34 சென்டிமீட்டர், அதைப் பத்தாப் பிரிச்சா கட்டம் ஒவ்வொன்றும் 3.4 சென்டிமீட்டர். 100 மீட்டர் நீளம், 30 மீட்டர் உயரம்னு தட்டையா எடுத்தாலே 26 லட்சம் கட்டம். அகலத்தையும் 100 மீட்டர் சேர்த்தா 760 கோடி. என் லேப்டாப் கையெடுத்துக் கும்பிட்டுடும்.

அதனால வேலையை ரெண்டாப் பிரிப்பாங்க. காற்று எப்படிச் சுவரைத் தாண்டுதுன்னு மட்டும் காற்றோட்டக் கணக்கில் பார்க்கறது. அந்தக் காற்று வரைபடத்துக்குள்ள ஒலி எப்படிப் போகும்னு தனியா இன்னொரு கணக்கில் பார்க்கறது. நானும் அதையேதான் செஞ்சேன்: கே-எப்சிலான் மாதிரியில் சராசரிக் காற்று, பிறகு அதன் மேல் ஒலிக்கதிர்கள். சனி ஞாயிறு ரெண்டும் காலி. "வீட்ல அரிசி மூட்டை இறக்க ஆளில்லை, இவன் காத்தை எண்ணிக்கிட்டிருக்கான்"னு அம்மாவோட விமர்சனம்.

படம் வந்ததும் விஷயம் புரிஞ்சது. காற்று சுவரில் முட்டி மேலே ஏறி, உச்சியில் வேகம் எடுக்குது. சுவருக்குப் பின்னாலயோ காற்று செத்துப் போய் சுழல் போடுது. அந்தச் சுழல் சுவர் உயரத்தைப் போல பல மடங்கு தூரத்துக்கு நீளுது. மேலே வேகம், கீழே மந்தம். காற்றோடு சேர்ந்து போற ஒலி மேலே வேகமாவும் கீழே மெதுவாவும் போகும், அதனால் கீழ்நோக்கி வளையும். எங்கே? சரியா நாம நிழல் போட்டு வச்ச இடத்தில்! சுவரே தனக்கு எதிரியை உருவாக்குது. சுவருக்குப் பக்கத்தில் இருக்கிறவனுக்கு இந்த வளைவு பெரிசா ஒண்ணும் செய்யாது, தூரம் போகப் போகத்தான் நிழல் கரையும். காம்பவுண்ட் சுவருக்கு 5 மீட்டர் பின்னால இருக்கிற ஜன்னல் ஆடியிலும் தப்பிக்கும். ரோட்டோரச் சுவருக்கு 50 மீட்டர் பின்னால இருக்கிற எங்க வீட்டுக்கு, காகிதத்தில் ஜொலிச்ச அந்த 17-ல் நல்ல பங்கை ஆடிக் காற்று பிடுங்கிக்கும். (மார்கழி ராத்திரியிலும் இதே கதைதான். தரை குளிர்ந்து மேல்காற்று கொஞ்சம் வெதுவெதுப்பா இருக்கும், வெதுவெதுப்பில் ஒலி வேகமாப் போகும், கீழே வளையும். பனிக்காலத்தில் தூரத்து லாரியும் பக்கத்தில் கேக்கறது இதனாலதான்.)

மரம் இங்கேதான் வருது. ஒரு வரிசை மரம் சத்தத்தை நேரடியாக் குறைக்கறது ரொம்பக் கம்மி, கண்ணுக்கு ரோட்டை மறைக்கறதால குறைஞ்ச மாதிரி தோணும், அவ்வளவுதான். அதனால "மரத்தால பிரயோஜனம் இல்லை, வெட்டிடலாம்"ங்கற வாதம் கேக்க நியாயமாத்தான் இருக்கும். ஆனா பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தில் வான் ரென்டர்கம், பொட்டல்டூரன் ரெண்டு பேரும் 2002-ல் ஆராய்ந்தது இதையேதான்: சுவருக்குப் பின்னால் மர வரிசை இருந்தா என்ன ஆகும்? சுவர் உச்சிக்கு மேல இருக்கிற இலைத்தொகுதி அந்தக் காற்றின் வேகத்தை உடைக்குது. மேல் கீழ் வித்தியாசம் குறையுது, ஒலி வளையறதும் குறையுது, பறிபோன நிழலில் ஒரு பகுதி திரும்பி வருது. காற்றே இல்லாத நாளில் இலைகள் கொஞ்சம் கீச்சுச் சத்தத்தைக் கீழே சிதறடிக்கும், அது சின்ன நஷ்டம். நானும் என் கணக்கில் வேப்பமரத்தைக் காற்றுக்குத் தடை போடும் பஞ்சு மாதிரி வச்சு ஓட்டினேன். உச்சியில் இருந்த வேகப் பட்டை தெளிவா மங்கிச்சு. எங்க மரங்களுக்கு ஆளுயரத்துக்கு மேலதான் கிளையே ஆரம்பிக்குது, ரோட்டோரமாவே நிக்குது. யாரோ கணக்குப் போட்டு நட்ட மாதிரி!

முடிவு என்ன? அப்பாகிட்ட படத்தைக் காட்டினேன். "கலர் நல்லாருக்கு, விஷயத்தைச் சொல்லு"ன்னார். சொன்னேன். சுவர் வைக்கலாம், ஆனா மாடியில் படுத்தா காசு தண்டம். படுக்கை கீழே வரணும். சுவர் பக்கவாட்டிலும் மடிஞ்சு வரணும், இல்லைன்னா சத்தம் ஓரமாச் சுத்திக்கிட்டு வந்துடும். ஜன்னல் சுவரில் இருந்து எவ்வளவு தூரமோ அதைப் போல நாலு மடங்கு ரெண்டு பக்கமும் நீளணும்னு ஒரு விதி இருக்கு, எங்களுக்கு அது 40 மீட்டர் ஆகும். எங்க மனை முகப்பு அதில் பாதி கூட இல்லை, அதனாலதான் மடிப்பு. கேட் கம்பி கேட்டா இருக்கக் கூடாது, அடியில் சந்து விடாத தகரக் கேட். அப்பா ரொம்ப நேரம் யோசிச்சார். மாடியை விட்டு இறங்கறதுதான் அவருக்குக் கஷ்டம், அது அவர் சம்பாத்தியத்தில் கட்டின ரூம். கடைசியில், "சரி, கீழயே படுக்கறேன். பேரனுங்க வந்தா மாடியில படுக்கட்டும், அதுங்களுக்கு இடி விழுந்தாலும் தெரியாது"ன்னார்.

மனுவில் ஒரு வரி சேர்த்திருக்கேன்: "சுவர் கேட்கிறோம், மரங்களை அப்படியே விட்டு." கையெழுத்து வாங்கப் போனப்ப மரத்தை விக்கலாம்னு சொன்னவரே கேட்டார், "மரத்துக்கும் சத்தத்துக்கும் என்னப்பா சம்பந்தம்?" ஆடி மாசம் ரோட்டுக்குக் கிழக்கால நின்னு கேளுங்க, ஐப்பசியில் அதே இடத்தில் நின்னு கேளுங்க, சம்பந்தம் காத்துலதான் இருக்குன்னேன். நம்பினாரான்னு தெரியலை. கையெழுத்துப் போட்டார்.

பி.கு.: ரோட்டோரம் வீடு இருக்கிற பதிவர்கள் உங்க வீட்டுத் தூரம், உயரம் சொன்னீங்கன்னா மேகாவா கணக்கை நானே போட்டுத் தர்றேன். சுவர் கட்டிக் கொடுக்கச் சொல்லாதீங்க, ஆங்!