வில்வம் வளராத மூன்று ஆண்டுகள்

நெய்வேலி நகரியத்தில் குடியிருப்போர்க்குத் தோட்டம் உண்டு. ஆனால் அது சொந்தமன்று. பணி ஓய்வு பெற்றபின் வீட்டுச் சாவியோடு மரங்களையும் ஒப்படைத்துவிட்டுப் புறப்பட வேண்டும். இதனை நன்கறிந்தும், சுரங்கத்தில் பணியாற்றிய அன்பர் ஒருவர் தம் வீட்டுக் கொல்லையில் பலா மரம் ஒன்றைப் பிள்ளைபோல் வளர்த்து வந்தார். வேலைக்குப் புறப்படுமுன் ஒரு குடம், திரும்பியதும் ஒரு குடம் எனத் தவறாது நீர் வார்த்தார். பலாவும் தழைத்தது, ஓட்டைத் தாண்டி உயர்ந்தது.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. மாவட்டத்தின் முந்திரித் தோப்புகளும் பலாத் தோப்புகளும் ஒரே நாளில் மண்ணில் சாய்ந்தன. அன்பரின் பலாவும் அடியோடு பெயர்ந்து கிடந்தது. அதன் வேர்ப்பகுதியைக் கண்டு அவர் திகைத்து நின்றார். அத்தனை பெரிய மரம் மேல்மண்ணை மட்டுமே பற்றியிருந்தது. நாள்தோறும் மேலேயே நீர் கிடைத்தபோது, ஆழத்திற்குச் செல்ல அதற்கு என்ன தேவை இருந்தது? ஆயினும் அவர் வார்த்த நீரே மரத்தைச் சாய்த்தது என்று அறுதியிட்டுக் கூறலாகாது. அன்றைய காற்றில், எவரும் நீர் வார்க்காத மரங்களும் வீழ்ந்தன.

மறு ஆண்டு ஐப்பசி மழையில் அதே இடத்தில் ஒரு வில்வக் கன்றை நட்டார். பிரதோஷந்தோறும் ஈசனுக்குத் தம் கொல்லை வில்வத்தைச் சாத்த வேண்டும் என்பது அவர் மனைவியின் நெடுநாள் விருப்பம். கன்று பிழைத்துக்கொண்டது, ஆனால் வளரவில்லை. ஓராண்டு, ஈராண்டு என மூன்றாம் ஆண்டும் நெருங்கிற்று. கன்றோ முழங்கால் உயரத்தைத் தாண்டவில்லை.

"நீங்கள் ஓய்வு பெற இன்னும் நான்கு வருடந்தானே இருக்கிறது? இது மரமாகி, நாம் இலை பறித்துச் சாத்துவது எப்போது? பேசாமல் கோயில் நந்தவனத்தில் கொண்டுபோய் வைத்துவிடுங்கள்" என்றார் மனைவி. அன்பருக்கும் அதுவே சரியெனப் பட்டது. சித்திரையில் குலதெய்வத்தைத் தரிசித்து வந்தபின் கன்றைப் பெயர்ப்பது என்று முடிவாயிற்று.

அவர்கள் குலதெய்வம், புதுச்சேரியிலிருந்து மரக்காணம் செல்லும் கடற்கரைச் சாலையில் கீழ்புத்துப்பட்டில் எழுந்தருளியிருக்கும் மஞ்சனீஸ்வரர் ஐயனார். சந்நிதியைச் சூழ்ந்து காடு நிற்கிறது. காயாவும் வீரையும் கொடிகளோடு பின்னி, கோடையிலும் பச்சை மாறாதிருக்கும் காடு அது. சோழமண்டலக் கரையில் முன்பு பரந்திருந்த இவ்வகைக் காடுகள் இன்று திட்டுத்திட்டாகவே எஞ்சியுள்ளன. அவற்றுள் பல, தெய்வத்திற்கு அஞ்சி மக்கள் கோடரி வைக்காத கோயில் காடுகளே.

பொங்கல் வைத்துப் படைத்தபின் மர நிழலில் அமர்ந்திருந்தபோது அன்பர் கன்றின் கதையை எடுத்தார். தாவரவியல் பயிலும் மகள் குறுக்கிட்டாள்.

"வளரவில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள் அப்பா? மண்ணுக்குக் கீழே பார்த்தீர்களா?"

அவள் விளக்கியது இது. இலை சமைக்கும் உணவு ஒன்றே. அதைத் தண்டுக்கும் இலைக்கும் வேருக்கும் பங்கிட வேண்டும். எது அரிதாயிருக்கிறதோ, அதைத் தேடும் உறுப்பிற்கே மரம் மிகுதியாகச் செலவிடும். நிழலில் நிற்கும் கன்று ஒளியைத் தேடித் தண்டை நீட்டும். வெயிலுக்குக் குறைவில்லாது நீருக்கு வறுமைப்படும் நிலத்தில் வேரே முந்தும். காடுகளுக்கும் இக்கணக்குப் பொருந்தும். பருவநிலை மாற்றத்திற்கான பன்னாட்டுக் குழு 2006-இல் வெளியிட்ட வழிகாட்டி நெறிகளில் வெப்பமண்டல வறண்ட காடுகளுக்கு இரு அளவுகள் உண்டு. எக்டேருக்கு 20 டன்னுக்குமேல் தரைமேல் வளர்ந்த காட்டில், மேலே 100 கிலோ இருந்தால் கீழே வேர் 28 கிலோ. அந்த 20 டன்னை எட்டாத மெலிந்த காட்டிலோ வேர் 56 கிலோ. சிறிதாய்த் தோன்றும் காடு, தன் செல்வத்தில் கூடுதலான பங்கை மண்ணுக்குள் வைத்திருக்கிறது.

"இந்தக் காட்டையே ஆராய்ந்திருக்கிறார்கள் அப்பா" என்றாள் மகள். மரக்காணத்திலும் புத்துப்பட்டிலும் மேல்மண்ணின் மெல்லிய வேர்களை ஓராண்டு காலம் அளந்த ஆய்வு 1994-இல் வெளியாயிற்று. மண்ணைத் தோண்டியெடுத்து, வேர்களைக் கழுவி, உலர்த்தி நிறுப்பது பொறுமையைச் சோதிக்கும் பணி. வடகிழக்குப் பருவமழையில் அவ்வேர்கள் பெருகுவதும், மழை ஓய்ந்தபின் மெல்லக் குறைவதும் அதில் தெரியவந்தன. மேலே இலை மாறாத காடு, கீழே ஆண்டுதோறும் பெருகிக் குறைகிறது.

அன்பர் நெடுநேரம் பேசவில்லை. பல கோடி ஆண்டுகளுக்கு முன் புதையுண்ட தாவரங்களே பழுப்பு நிலக்கரி என்பதை அறிந்தவர் அவர். வெட்டியெடுத்த கரியில் மரத்தின் ரேகையைக் கையால் தடவிப் பார்த்தவர். மண்ணுக்கடியில் பிழைப்பு நடத்திய தமக்கே அக்கேள்வி தோன்றவில்லையே என்று பின்னர் மனைவியிடம் சொன்னாராம்.

கன்று பெயர்க்கப்படவில்லை. நாள்தோறும் நீர் வார்ப்பதை நிறுத்தி, வாரம் ஒருமுறை மண் ஆழமாய் நனையும்படி வார்த்தார். அடுத்த ஆண்டும் பெரிய மாற்றமில்லை. மனைவி முகம் சுளித்தார். அதற்கும் அடுத்த ஆண்டு மழைக்குப்பின் வில்வம் விறுவிறுவென உயர்ந்தது. 2018-இல், ஒரு சனிப் பிரதோஷத்தன்று, நகரியத்து நடராசர் கோயிலுக்கு முதன்முறையாக அவர்கள் வீட்டு வில்வம் சென்றது. மனைவி அன்று முழுவதும் உபவாசம் இருந்தார்.

2019-இல் ஓய்வு பெற்று வடலூரில் வாடகை வீட்டிற்குக் குடிபெயர்ந்தனர். சாமான்கள் ஏறியபின், அவ்வீட்டிற்கு வரவிருந்த இளைஞரைக் கொல்லைக்கு அழைத்துச் சென்றார் அன்பர்.

"தம்பி, இதற்குத் தினமும் தண்ணீர் ஊற்ற வேண்டாம். பிரதோஷத்திற்கு நான் வந்து நாலு இலை பறித்துக்கொள்ளலாமா?"

"இதைக் கேட்கவும் வேண்டுமா ஐயா? எப்போது வேண்டுமானாலும் வாருங்கள்."

திங்களன்று வில்வம் பறிக்கலாகாது என்பதால், சோமவாரப் பிரதோஷமாயின் அன்பர் ஞாயிறன்றே வடலூரிலிருந்து பேருந்தேறி விடுகிறார். பையில் ஈரத்துணி ஒன்று இருக்கும், இலை வாடாமலிருக்க.