அடாப்டரைத் திருப்பிப் பாருங்க

ப்ளஸ் டூ முடிச்ச லீவ்ல, அம்மா பீடி சுத்திச் சேத்த காசுல ஒரு ஸ்பீக்கர் வாங்கினேன். பெட்டி மேல '3000 வாட்ஸ் பி.எம்.பி.ஓ.'ன்னு கொட்டை எழுத்து. ஆழ்வார்குறிச்சியே அதிரும்னு நினைச்சேன். எங்க தெருகூட அதிரல.

காலேஜ் வந்தப்புறம்தான் அதோட அடாப்டரைத் திருப்பிப் பார்த்தேன்: 12 வோல்ட், 2 ஆம்பியர். பெருக்கிப் பாருங்க, 24 வாட்ஸ். உள்ள போறதே 24 தான்னா, வெளிய தொடர்ந்து 3000 எப்படி வரும்? பி.எம்.பி.ஓ.ங்கிறது கண் இமைக்கிற நேரத்துக்கு வரலாம்னு சொல்லிக்கிற கணக்கு. அதை எப்படி அளக்கணும்னு பொதுவான விதியே கிடையாது. தொடர்ந்து கிடைக்கிற பவரைத்தான் ஆர்.எம்.எஸ்.னு போடுவாங்க. அதுவும் எத்தனை ஓம் லோடுல, எவ்வளவு டிஸ்டார்ஷன்லன்னு சேர்த்துச் சொன்னாதான் அர்த்தம்.

அமெரிக்காவுல வீட்டு ஆம்ப்ளிஃபயருக்கு இப்படிச் சொல்லணும்னு 1974லேயே விதி போட்டுட்டாங்க. இங்க சீலிங் ஃபேனுக்கு 2023ல இருந்து ஸ்டார் லேபிள் கட்டாயம். அதே மாதிரி ஸ்பீக்கர் பெட்டியிலயும் அளந்த கணக்கைப் போட்டா என்ன?

"சவுண்டு அவங்கவங்க காதைப் பொறுத்தது"ன்னு சிலர் சொல்வாங்க. சரிதான். எனக்கு பேஸ் பிடிக்கும், உங்களுக்குப் பிடிக்காம போகலாம். ஆனா வாட்ஸ் ரசனை இல்லையே! அளந்ததைச் சொல்லிட்டா, மிச்சத்தைக் காது முடிவு பண்ணிக்கும்.

அம்மா சுத்துற பீடியை பீடிக்கடைல கட்டு கட்டா பார்ப்பாங்க. சரியில்லாததைக் கழிச்சிடுவாங்க, கூலியும் போயிடும். அந்தக் கூலியில வாங்கின பெட்டியை மட்டும் யாரும் அப்படிப் பார்க்கல. இனிமே நாம பார்ப்போம். கடைல முதல்ல ஆர்.எம்.எஸ். எவ்வளவுன்னு கேளுங்க.