பொருள்: ஒரு வரி

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாள். கலெக்டர் ஆபீஸ் வாசலில் புளியமர நிழலில் என் மடக்கு மேசை. இருபத்தைந்து வருடமாக மனு எழுதுகிறேன். அனுப்புநர், பெறுநர், பொருள், கீழே 'மதிப்பிற்குரிய ஐயா'. இந்த வரிசை மாறியதே இல்லை. எனக்குச் சலித்ததும் இல்லை. மனுவில் எழுதும் பொருள் ஒன்று, மனதில் கிடப்பது வேறொன்று.

ஆரம்பத்தில் மளமளவென்று எழுதுவதுதான் திறமை என்றிருந்தேன். இப்போது கையெழுத்துப் போடப் பேனாவை நீட்டியதும் கொஞ்சம் காத்திருப்பேன். உள்ளே கிடப்பது அப்போதுதான் வெளியே வரும்.

மகன் சோறு போடவில்லை என்று ஒரு அம்மா வந்தார். 2007ஆம் ஆண்டின் முதியோர் பராமரிப்புச் சட்டப்படி கோட்டாட்சியருக்கு எழுதினேன். பேனாவை வாங்கியவர், "அவன் வேலை பாக்குற இடத்தை அடிச்சிரு தம்பி. அங்க தெரிஞ்சா அவனுக்குக் கேவலம்" என்றார்.

இன்னொரு நாள் ஒரு விவசாயி. அண்ணன் வரப்பை ஒன்றரை அடி வெட்டி இவர் பக்கம் தள்ளிவிட்டாராம். அளந்து கல் நட வேண்டும். பட்டா, சர்வே எண், உட்பிரிவு, எஃப்.எம்.பி வரைபட நகல் எல்லாம் மஞ்சள் பையில் பத்திரமாக இருந்தன. எழுதி வாசித்துக் காட்டினேன். தலையாட்டினார். பேனா கையில்; கையெழுத்து மட்டும் விழவில்லை.

"இன்னொன்னு சேக்கலாமாங்க? அவரு பொண்ணு கல்யாணப் பத்திரிகையில எம் பேரைப் போடலை."

ஒன்றரை அடிக்குச் சர்வேயர் வருவார். பத்திரிகையில் விட்டுப்போன பெயரை எந்தத் துறை அளக்கும்? "அது இதுல வராதுங்க" என்றேன். "தெரியும், சும்மா சொன்னேன்" என்று கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் டீக்கடையில் பேர், ஊர் சொல்லாமல் இதைச் சொன்னேன். எத்தனை சென்ட் நிலம் என்று ஒருவரும் கேட்கவில்லை. "அண்ணன்காரன் ஏன் பேரைப் போடலை?" என்பதுதான் எல்லோருக்கும் கேள்வி. டீ ஆறிப்போகும்வரை பேச்சு ஓடியது. அண்ணனுக்காக வரிந்துகட்டிப் பேசிய கடைக்காரர் தன் தம்பியோடு பேசி ஆறு வருடமாகிறது. அண்ணனின் மாமியார் வேலையாகத்தான் இருக்கும் என்று குறை சொன்ன ஆட்டோக்காரருக்கு அவர் வீட்டு மாமியார்தான் கண்முன் நின்றிருப்பார்.

ஊரார் குணத்தைப் பேச உட்கார்ந்தால் நமக்கு நேரம் போவது தெரிவதில்லை. ஊரார் பெயரை வைத்துக்கொண்டு நம் வழக்கை நாமே வாதாடுகிறோம். தீர்ப்பும் நம் பக்கமே எழுதிக்கொள்கிறோம்.

அன்றைக்கு நான் தம்பி பக்கம்தான் பேசினேன். எங்கள் வீட்டில் நான் இளையவன்.