ஆறங்குலமே, உனக்கு

காவலூர் வானாய்வகத்தின் ஆறங்குலத் தொலைநோக்கியே,

காவலூர் மலைக்கு ஏறி வருகிறவர்கள் பெரும்பாலும் உன் பெரியண்ணனைப் பார்க்கத்தான் வருகிறோம். 2.34 மீட்டர் ஆடி கொண்டவர். 1986 முதல் வானியலாளர் வைணு பாப்புவின் பெயரைத் தாங்கி நிற்பவர். பகலில் அவரை அண்ணாந்து பார்க்கலாம், அவ்வளவுதான். இருட்டிவிட்டால் அவருக்கு ஆராய்ச்சி வேலை. சனிக்கிழமைகளில் எங்களுக்காகக் கண்விழித்தவன் நீ.

ஆறங்குலமே, சனியை எனக்குப் பழக்கிவைத்தவனும் நீதான். எங்கள் வீட்டில் அவர் ஏழரையாகவும் அஷ்டமமாகவும் மட்டுமே வந்துபோனவர். திருநள்ளாற்றில் எள்விளக்கு ஏற்றிவிட்டு, பார்வை நேராகப் படாமல் ஒதுங்கி நிற்போம். ஒரு சனிக்கிழமை இரவு உன் வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பாட்டியும், உன்னிடம் குனியும் முன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். கண்ணை வைத்தவர் எடுக்கவே இல்லை. "இவ்வளவு அழகாவா இருக்காரு?" அந்த ஒளி அங்கிருந்து கிளம்பி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிறது என்று பக்கத்தில் நின்ற இளைஞர் சொன்னதும், "அப்ப நான் பார்த்தது பழைய சனியா?" என்றார். அதைவிட நல்ல கேள்வியை எந்த வானியல் உரையிலும் நான் கேட்டதில்லை.

ஆறங்குலமே, ஓரியன் நெபுலாவைக் காட்டி நீ என்னை ஏமாற்றியதும் நல்லதற்குத்தான். படங்களில் சிவப்பும் ஊதாவுமாகப் பார்த்தது, உன்னிடம் வெறும் சாம்பல்நிறப் புகை. கேமரா நிமிடக்கணக்கில் ஒளியைச் சேர்த்துவைக்கும். நம் கண்ணால் முடியாது, மங்கிய ஒளியில் அதற்கு நிறமும் பிடிபடாது. செல்போனை எடுக்காமல் இருபது நிமிடமாவது இருட்டில் நில்லுங்கள், பிறகு ஓரக்கண்ணால் பாருங்கள் என்றார் அந்த இளைஞர். அப்படிப் பார்த்தபோது புகை இருமடங்காக அகன்றது. படம் பார்த்த எவரும் எனக்கு அதைச் சொல்லவில்லை.

ஆறங்குலமே, தெற்கு வானத்தையும் சொல்லவேண்டும். லண்டனில் ஒமேகா சென்டாரி விண்மீன் கொத்து அடிவானத்துக்கு மேலே எழுவதே இல்லை. 12.6 டிகிரி வட அட்சரேகையில் இருக்கும் உனக்கு அதைப் பார்ப்பது எளிது. இந்த ஜவ்வாது மலைக்காட்டைப் பாப்பு தேர்ந்ததற்குத் தெற்கு வானம் தெரிவதும் ஒரு காரணம்.

ஆறங்குலமே, உன் ஒரு மீட்டர் அண்ணன் 1977 மார்ச் 10 அன்று, யுரேனஸ் மறைக்கவிருந்த விண்மீன் முன்கூட்டியே சட்டென மங்கியதைப் பதிவுசெய்தவர். யுரேனஸின் வளையங்களுக்கு அது ஒரு தடயம். பெருமைதான். ஆனால் அந்த அண்ணனிடம் பாட்டிகள் கேள்வி கேட்கமுடியாது.

உன்னிடம் பட்ட இந்தக் கடன்களோடு இன்னொன்றும் ஏறப்போகிறது, ஆறங்குலமே. அடுத்த முறை அக்கா மகளை அழைத்துவருகிறேன். வியாழனின் நான்கு பெரிய நிலவுகளையும் காட்டு. மூன்றுதான் தெரிந்தால், நான்காவது எங்கே போனது என்று தெரியாமல் உன்னைவிட்டு நகரமாட்டாள். பின்னால் நிற்பவர்கள் முணுமுணுப்பார்கள். கொஞ்சம் பொறுத்துக்கொள்.