உஷ்ணம் வெளியேறும் வழி

திருச்சிராப்பள்ளிக்கு விருந்தாளி ஒருவர் வந்தால், மலைக்கோட்டையையும் காவிரியையும் காட்டிவிட்டு, மூன்றாவது அதிசயமாக வெயிலையும் காட்டுவது எங்கள் ஊர்க்காரர்களின் சுபாவம்; அதைப் பற்றிப் பேசும்போது அவர்கள் குரலில் துக்கத்தைக் காட்டிலும் பெருமிதமே அதிகம் தொனிக்கும். அந்தப் பெருமிதத்துக்குச் சரித்திர ஆதாரமும் இல்லாமலில்லை. கல்கத்தாவின் பிஷப்பாக இருந்த ரெஜினால்ட் ஹீபர், 1826-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் 3-ஆம் தேதி காலை, கோட்டைப் பகுதியில் ஆராதனையை நடத்திவிட்டு ஜாகைக்குத் திரும்பி, தாபம் தணிய வேண்டிக் குளிர்ந்த ஸ்நானத் தொட்டியில் இறங்கினார். உயிரோடு எழுந்து வரவில்லை. அப்போது அவருக்கு வயது 42. வெயிலில் வெந்த தேகம் திடீரென்று தண்ணீரில் இறங்கியதே காரணமென்று அக்காலத்தவர் பேசிக்கொண்டார்கள். புத்தூரில் அவர் பெயரால் விளங்கும் கல்லூரியைக் கடக்கும்போதெல்லாம், அக்னி நட்சத்திரத்துக்கு ஒரு மாதம் முன்பே இந்த ஊர் அவரை இப்படி உபசரித்துவிட்டதே என்ற எண்ணம் எனக்கு வராமலிருப்பதில்லை.

தேகத்தைக் குளிர்விக்க முயலாமல், தேகம் தங்கும் வீட்டையே குளிர்வித்துக்கொள்வது எப்படி என்ற கேள்விக்கு ஆற்றுக்கு வடகரையில், ஸ்ரீரங்கத்தில், வெகுகாலத்துக்கு முன்பே ஒரு விடை இருந்தது. உத்திர வீதிகளிலும் சித்திரை வீதிகளிலும் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்தாற்போல் நிற்கும் பழைய வீடுகளுக்குப் பக்கச் சுவரில் ஜன்னல் வைக்க இடமேது? வாசலும் கொல்லையும் தவிரக் காற்றுக்கு வேறு கதி இல்லை என்பதை உணர்ந்த கொத்தனார்கள், திண்ணை, ரேழி, கூடம், முற்றம், தாழ்வாரம், சமையலுள், கொல்லை என்று கதவுக்குக் கதவு நேராக வைத்து, தெருவில் நிற்பவனுக்குக் கொல்லைக் கிணறு தெரியும்படி வீட்டைக் கட்டினார்கள். ஆனாலும் ஏழு பிராகாரங்களும் அவற்றின் மதில்களும் சூழ்ந்த ஊரில், பக்கவாட்டில் வரும் காற்றை நம்பிக் குடித்தனம் நடத்த முடியாது. அதனால்தான் முற்றம். உஷ்ணமேறிய காற்று லேசாகி மேலே போகும். பத்து டிகிரி வித்தியாசம் இருந்தால் அதன் கனம் நூற்றில் மூன்று பங்கு குறைகிறது என்பது பௌதிக சாஸ்திரம் சொல்லும் கணக்கு. மூன்று பங்கு அற்பமாகத் தோன்றலாம். வானத்தை நோக்கித் திறந்த ஒரு சதுரம் இருந்துவிட்டால், பகல் முழுவதும் கூடத்தின் உஷ்ணத்தை மேலே அனுப்பவும், இரவில் ஆகாயத்துக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுக் குளிர்ந்த தரையின் மேல் தங்கும் காற்றை அறைகளுக்குள் பரவவிடவும் அதுவே போதும். தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்பும் ஜல்லியும் இட்டு, தட்டோடு பதித்த மெட்ராஸ் டெரஸ் தளமும் இதற்கு அநுகூலமாக இருந்தது.

இந்த முற்றங்கள் இப்போது பெரும்பாலும் மூடிக்கிடக்கின்றன. மூடியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை; ஒவ்வொரு மூடலுக்கும் நியாயமான காரணம் இருந்தது. திருடனுக்குப் பயந்து முதலில் இரும்புக் கம்பி போட்டார்கள். குரங்குக்காகக் கம்பியின் மேல் வலை அடித்தார்கள். மழை நாளில் வழுக்கும் தரையில் வயோதிகர்கள் விழுந்துவிடக் கூடாதென்று கடைசியில் வலையின் மேல் பிளாஸ்டிக் தகடும் வந்தது. பின்னர் அந்த வீட்டின் தலைமேலேயே கான்கிரீட் தளமிட்டு மாடி எழுப்பினார்கள். கான்கிரீட்டின் குணம் விசித்திரமானது: நடுப்பகலில் வாங்கிய வெயிலை அப்போதே கொடுத்துவிடாமல் பத்திரமாக வைத்திருந்து, நாம் பாயை விரிக்கும் வேளை பார்த்துக் கீழே இறக்கும். வெளியே தெருவில் ஒருமாதிரி சுகமாக இருக்க, வீட்டுக்குள் மட்டும் பிற்பகல் முடியாமலே இருப்பதன் ரகசியம் இதுதான்.

இதற்குப் பரிகாரமாக நாம் நம்பியிருப்பது சீலிங் ஃபேன். அந்தச் சாதனத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அது காற்றைக் குளிர்விப்பதில்லை என்ற உண்மையைச் சொல்லியாக வேண்டும். வியர்வையை உலர்த்தி நமக்குக் குளிர்ச்சி தருகிறது, அவ்வளவே; அறையின் உஷ்ணம் தோலின் உஷ்ணத்தை எட்டிவிட்டால் அந்த உபகாரமும் குறைந்துபோகிறது. தளத்தையொட்டிக் கிடக்கும் அனலைத்தான் அது கீழே தள்ளுகிறது. போதாக்குறைக்கு அதன் மோட்டாரும் 75 வாட் வரை தின்று, தின்றதை உஷ்ணமாகவே அறைக்குள் விட்டுவைக்கிறது.

எங்கள் தெருவில் எதிர்வீட்டு மாமா, திருவெறும்பூர்ப் பக்கத்து பெல் தொழிற்சாலையில் பாய்லர்களோடு ஆயுளைக் கழித்து ஓய்வு பெற்றவர். பாய்லர் என்றால் அதற்கு இரண்டு பெரிய விசிறிகள் உண்டு என்பதை அவர் சொல்லித்தான் அறிந்தேன். எஃப்.டி. ஃபேன் காற்றை உள்ளே தள்ளும், ஐ.டி. ஃபேன் புகையை வெளியே இழுக்கும். இழுக்கும் விசிறி ஓடும்போது உலைக்குள் அழுத்தம் வெளியைவிடச் சற்றே குறைந்திருப்பதால், எங்கே இடுக்கு இருந்தாலும் அதன் வழியே காற்று தானாக உள்ளே வரும். "வீட்டுக்கும் ஐ.டி. ஃபேன் ஒண்ணு வேணும், சார். நாம எல்லாரும் உலைக்குள்ளே கரண்டி போட்டுக் கிளறிண்டிருக்கோம்" என்பது சீலிங் ஃபேனைப் பற்றி அவருடைய தீர்ப்பு.

இந்த ஞானோதயம் அவருக்கு உண்டானது கலிபோர்னியாவில், சாக்ரமெண்டோ நகரத்திலுள்ள பிள்ளையின் வீட்டில். அங்கே உத்தரத்துக்கும் கூரைக்கும் நடுவேயுள்ள வெற்றிடத்தின் வாயில் ஒரு பெரிய விசிறியைப் பொருத்தி, இரவில் எல்லா ஜன்னல்களையும் சிறிது திறந்துவைத்து அதை ஓட்டுகிறார்கள். வெளியிலுள்ள குளிர்ந்த காற்று அறைதோறும் புகுந்து, உள்ளிருந்த உஷ்ணத்தைக் கூரைப் பொந்தின் வழியே வெளியேற்றிவிடுகிறது. ஏர்கண்டிஷனர் பரவுவதற்கு முன் அமெரிக்கத் தென்மாநிலங்களில் பலருக்கு இதுவே கோடைத் துணை. மாமா ஊர் திரும்பியதும் செய்த முதல் காரியம், மாடிப்படி முடியும் ஹெட்ரூமின் சுவரை உடைத்து, தானே திறந்து மூடும் தகடுகளோடு 18 அங்குல எக்ஸாஸ்ட் ஃபேன் ஒன்றைப் பதித்ததுதான். நமது வீடுகளில் கூரைப் பொந்து இல்லை. ஆனால் உஷ்ணம் ஏறிப் போக மாடிப்படி இருக்கிறதே என்பது அவருடைய யுக்தி. அளவில் அந்த விசிறி சிறியதுதான். எனினும் ஆயிரம் சதுர அடி வீட்டின் காற்றை மணிக்குப் பத்துத் தடவைக்கு மேல் மாற்றிவிட வல்லது. மின்சாரமோ இரண்டு மூன்று சீலிங் ஃபேன்களுக்கு ஆவதுதான். ஒன்றரை டன் ஏர்கண்டிஷனர் ஏறக்குறைய 1500 வாட் கேட்கிறது.

சாதனத்தைக் காட்டிலும் அதை ஆளும் முறைதான் கடினமானது. கூடத்தில் ஒன்று, கொல்லையில் ஒன்று என்று இரண்டு உஷ்ணமானிகளை மாட்டி, வெளியே உள்ள உஷ்ணம் உள்ளே இருப்பதைவிடக் குறைந்த பிறகே விசிறியைப் போடுவார் மாமா. அது சில நாள் இரவு ஒன்பதுக்கு நேரும், சில நாள் பதினொன்றுக்கு. விடியும்வரை ஓட வேண்டும், ஏனெனில் காற்று சில நிமிஷத்தில் மாறினாலும் சுவர் தன்னிடமுள்ளதைக் கொடுக்கப் பல மணி நேரம் எடுத்துக்கொள்ளும். வெயில் ஏறுமுன் ஜன்னல்களையெல்லாம் சாத்தி, திரையை இழுத்துவிட வேண்டும். பகல் இரண்டு மணிக்குப் புழுங்குகிறதே என்று போட்டால், வீதியின் அனலைச் செலவு செய்து வரவழைத்தவர்களாவோம். திறந்த ஜன்னல்கள் போதாவிட்டாலும் ஆபத்து: விசிறி எங்கிருந்தாவது காற்றை இழுத்தே தீரும், குளியலறைச் சாக்கடையிலிருந்தும் இழுக்கும். ஒருநாள் இரவு அந்த வாசனை பூஜையறைவரை வந்து மாமியிடம் மாமா பட்ட பாட்டை நான் இங்கே விஸ்தரிக்க விரும்பவில்லை.

சாக்ரமெண்டோவில் பலித்தது ஸ்ரீரங்கத்தில் அவ்வளவு பலிக்குமா என்றால், பலிக்காது. அங்கே ஜூலை மாதப் பகல் 33, 34 டிகிரி என்றால் இரவு 15, 16-க்கு இறங்கிவிடும். இங்கே மே மாதப் பகல் 38-ஐத் தாண்டும், இரவோ 27-க்குக் கீழே வரத் தயங்கும். மேட்டூர் அணை திறக்க வேண்டிய ஜூன் 12 வரை காவிரியில் பெரும்பாலும் மணல்தான். ராத்திரியில் அந்த மணல் சீக்கிரம் குளிர்ந்து தீவுக்குச் சற்று ஆறுதல் தருகிறது என்றாலும், நகரத்தில் மலைக்கோட்டையின் பாறையைச் சுற்றிக் குடியிருப்பவர்களுக்கு அந்தப் பாக்கியமும் இல்லை. எனினும் உள்ளே 33 இருக்க, வெளியே 27 இருந்தால், அந்த ஆறு டிகிரி தூக்கத்துக்கும் விழிப்புக்கும் உள்ள தூரம். மாசி, பங்குனியில் பலன் இன்னும் அதிகம். கோடை மழை பெய்து காற்று ஈரமாகித் தேங்கிய இரவுகளில் மட்டும் விசிறி ஓடுவதும் ஓடாததும் ஒன்றே.

வாஸ்தவமான தடை வேறிடத்தில் இருக்கிறது, அதை முதலில் கண்டு சொன்னவர் மாமிதான். "ஜன்னலையெல்லாம் திறன்னு சொல்றேளே, கொசுவுக்கும் சேர்த்துன்னா அழைப்பு வைக்கறேள்!" வலை அடித்தால் காற்றின் வேகம் குறைகிறது, வாரம் ஒருமுறை தூசியைத் தட்டாவிட்டால் வலையே சுவராகிவிடுகிறது. கீழ்க்கட்டு ஜன்னலை இரவெல்லாம் திறந்துவைத்துத் தூங்கும் தைரியமும் இப்போது யாருக்கு இருக்கிறது? திண்ணையில் வழிப்போக்கர்கள் படுத்துறங்கிய தெரு இது. நம்மைப் புழுக்கத்தில் அடைத்து வைத்திருப்பது வெயிலைவிட அதிகமாக நம்முடைய அவநம்பிக்கையே என்று எனக்குச் சில சமயம் தோன்றுகிறது. அதற்கு எக்ஸாஸ்ட் ஃபேன் பொருத்துகிறவர்களை நான் கண்டதில்லை.

கூரைப் பொந்தில் மட்டும் ஓடும் விசிறியைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஓட்டுக்கூரையின் கீழே மரத்தால் மச்சு அமைத்த பழைய வீடுகளில், அந்த இடைவெளி பிற்பகலில் 50 டிகிரிக்கு மேல் கொதிக்கும். நாட்டு ஓடாக இருந்தவரை இடுக்குகளே அதை வெளியேற்றின. மண்ணச்சநல்லூர் அரிசி ஆலைகளின் கூரையில் காற்றால் தானே சுழலும் உருளைகள் செய்வதும் இதே வேலைதான், மின்சாரச் செலவு கிடையாது. தட்டையான கான்கிரீட் தளத்துக்கு இவை உதவா. அங்கே மேலே சுண்ணாம்பு அடிப்பதோ தட்டோடு பதிப்பதோதான் முதல் வைத்தியம், விசிறி அதற்கு அடுத்ததே.

மாமாவின் ஆராய்ச்சி இப்போது முற்றத்தில் வந்து நிற்கிறது. பிளாஸ்டிக் தகட்டை ஓரடி உயர்த்தி, நாலு பக்கமும் வலை அடித்துவிட்டால், மழையும் வராது, குரங்கும் வராது, உஷ்ணம் மட்டும் போய்க்கொண்டிருக்கும். பல இரவுகளில் விசிறியே வேண்டியிராது என்கிறார். வெல்டர் வந்து அளவெடுத்துப் போயிருக்கிறார். ஆடி பிறப்பதற்குள் முடித்துத் தருவதாக வாக்களித்திருக்கிறார். ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேல்காற்று வந்து வீட்டுக் கதவுகளையெல்லாம் அடித்துக்கொண்டிருக்கும் என்பதும், அப்போது அவருடைய வேலைக்கு அவ்வளவு அவசரமிராது என்பதும் அவருக்கு நன்றாகத் தெரியும்.